பிளே பட்டனைத் தூக்கியவன்

...சரி, நிறுத்திக்கிறேன். பாதிப் பேருக்குக் கண்ணு சொருகுது, எனக்குத் தெரியுது. ஸ்லைடு கிடக்கட்டும். ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைக் கேளுங்க. நோட்ஸ் எடுக்க வேண்டாம், கேட்டா போதும்.

எங்க பழைய ஆராய்ச்சிக்கூடத்துல முத்துன்னு ஒருத்தன். முழுப்பேரு இன்னாசிமுத்து. தூத்துக்குடிக்காரன். என்ன ஆராய்ச்சி? மீன் போடுற சத்தம். சிரிக்காதீங்க, சில மீன் நிஜமாவே சத்தம் போடும். உறுமும், தட்டும். ஃபைபர் வள்ளத்துல கடலுக்குள்ள போய், கயித்துல ஒரு மைக்கைக் கட்டித் தண்ணிக்குள்ள தொங்கவிட்டு, ரெண்டு மணி நேரம் அசையாம உட்கார்ந்து பதிவு பண்ணணும். திங்கள், செவ்வாய், புதன் முத்து போவான். மத்த மூணு நாளும் ரஹ்மத் போவா. கீழக்கரைப் பொண்ணு, அவன் சேர்ந்த அதே வருஷம் சேர்ந்தவ. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர்.

பதிவான சத்தத்தை ஒரு சாஃப்ட்வேர் படமா வரைஞ்சு காட்டும். அதுல விண்டோவை எங்க வேணா நகர்த்தலாம். பட்டனை எங்க வேணா வைக்கலாம். வேண்டாததைத் தூக்கிடலாம். இது போதாதா நம்ம ஆளுக்கு? ரெண்டு வாரம் மீனை மறந்துட்டான். கறுப்புப் பின்னணி, ஆரஞ்சு கோடு, மேல பெரிய படம், பக்கத்துல நாலு சின்னப் படம்... பாக்கறவன் விமானம் ஓட்டுறான்னு நினைப்பான். ஒரே ஒரு குறை. நிறம் மாத்துற பட்டியலுக்கு இடம் இல்லை. கீழே ஒரு ஓரத்துல முக்கோணமா ஒரு பட்டன் இருந்துச்சு. பிளே பட்டன். அதைத் தூக்கிட்டான்.

எதைத் தூக்கினான்? பிளே பட்டனை. யாரு? சத்தத்தை ஆராய்ச்சி பண்றவன்.

"படத்துலயே எல்லாம் தெரியுது, கேட்டு என்ன ஆகப்போகுது"ன்னான்.

மூணு மாசம் போச்சு. படத்துல ஒண்ணு திரும்பத் திரும்பச் சிக்குச்சு. நாலு கோடு... ஒரு இடைவெளி... மறுபடி நாலு கோடு. எந்த மீனோட பதிவுலயும் இல்லாத கோடு. புதுக் குரல். அவனோட ஆராய்ச்சி கைடு நாலு பேருக்குச் சொல்லிட்டார். கொச்சியில மாநாடு, வியாழக்கிழமை முத்து மேடை ஏறணும். தலைப்பு கொடுத்தாச்சு, ரயில் டிக்கெட் போட்டாச்சு.

ரஹ்மத் ஒண்ணே ஒண்ணு கேட்டா. "என் நாள்ல மட்டும் உன் மீன் ஏன்டா வாயைத் திறக்கல?"

"நீ வள்ளத்துல ஏறினா மனுஷனே பேச முடியாது. மீன் பேசுமா?"

அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு அவன் கொடுத்த மொத்த மரியாதை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரஹ்மத் தன் வேலையைப் பாக்க கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தா. ஒரு பட்டனும் இருந்த இடத்துல இல்லை. மூணு மாசமா பொறுத்துக்கிட்டவ, அன்னிக்குக் கடுப்பாயிட்டா. மெனுவுக்குப் போனா, 'ஆரம்ப அமைப்பு'ன்னு இருந்ததை ஒரு தட்டு தட்டினா. கறுப்பு போச்சு, ஆரஞ்சு போச்சு, பழையபடி சாம்பல் கலர் திரை.

முத்து ஓடி வந்தான். "ஏ ரஹ்மத்து, என்ன காரியம் பண்ணிட்ட? ரெண்டு வாரம் உழைச்சேன்."

"உழைச்சது மீனுக்கா, திரைக்கா?"

அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டே கீழே பாத்தா. முக்கோணம் திரும்பி வந்திருக்கு. திரையில திறந்து கிடந்தது முத்துவோட பதிவு. "இது எங்கடா இருந்துச்சு இத்தனை நாளா?" அழுத்திட்டா.

டொக் டொக் டொக் டொக்... டொக் டொக் டொக் டொக்...

முத்து அப்படியே பக்கத்து நாற்காலில உட்கார்ந்துட்டான். முகமெல்லாம் வெளிச்சம். மூணு மாசத்துல முதல் தடவையா தன் மீனைக் கேக்கறான் பாவம். "கேட்டியா? எவ்வளவு சுத்தமா வருது பாரு. இதைப் போய் வேண்டாம்னேனே."

ரஹ்மத் பிளேயை நிறுத்தினா.

சத்தம் நிக்கலை.

டொக் டொக் டொக் டொக்...

ரஹ்மத் ஸ்பீக்கரைப் பாத்தா. திரையைப் பாத்தா. அப்புறம் மெதுவா குனிஞ்சு பாத்தா. "முத்து... உன் மீன் மேசைக்கு அடியில இருக்குடா."

குதிகால். உட்கார்ந்தா காலை ஆட்டுற ஜென்மம் அவன். மூணு மாசம் வள்ளத்துப் பலகையில குதிகாலால தட்டியிருக்கான், மைக் சமத்தா பதிவு பண்ணியிருக்கு. அவன் போன நாள்ல மட்டும் மீன் பேசினது அதனாலதான்.

"யார்கிட்டயும் சொல்லிடாத"ன்னான்.

"நான் சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை நீயே சொல்லு."

அன்னிக்கு சாயங்காலம் கைடுகிட்ட போனான். வாங்கிக் கட்டிக்கிட்டான். ஆனா கொச்சிக்குப் போனான். மேடையில அந்தப் படத்தைப் போட்டு, "இது என்ன மீன்?"னு கேட்டான். ரெண்டு பேராசிரியர்கள் ரெண்டு மீன் பேரு சொன்னாங்க. அதுல ஒருத்தர் ஆணா பெண்ணான்னு கூடச் சொன்னார். அப்புறம் முத்து சத்தத்தைப் போட்டான், காலைக் காட்டினான். அரங்கமே சிரிச்சுது. அந்த ரெண்டு பேரும்தான் அதிகமா சிரிச்சாங்க.

இப்ப உங்ககிட்ட வர்றேன். திரையை அலங்காரம் பண்ணாதன்னா சொல்றேன்? பண்ணு. விண்டோவைத் தலைகீழா வை, எனக்கென்ன? நீ தினம் பாக்கற திரை, உனக்குப் பிடிச்ச மாதிரிதான் இருக்கணும். ஆனா ஒண்ணைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளு... நான் தப்புன்னு இந்தப் பட்டன் எனக்குக் காட்டுமா? காட்டும்னா அது அசிங்கமா இருந்தாலும் இருக்கட்டும். இடத்தை அடைச்சாலும் இருக்கட்டும்.

பட்டன் மட்டும் இல்லைங்க. "என் நாள்ல ஏன் வரல"ன்னு கேக்கற ஒரு ஆளு உங்க எல்லாருக்கும் உண்டு. இந்தக் கூட்டத்துலயே இருப்பாங்க. எத்தனை பேர் அந்த ஆளை வாட்ஸ்அப் குரூப்லேர்ந்து தூக்கியிருக்கீங்க? கை தூக்க வேண்டாம், மானம் போகும். இன்னிக்குள்ள திரும்பச் சேருங்க. அது போதும்.