வெள்ளிக்கிழமை வருகிறவர்

சாமி, எனக்குப் பூவன் பழம் என்றால் உயிர். நோன்பு நாளில்கூட மனது அதைத்தான் தேடும். வேண்டுமானால் அதையும் பாவக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் லூர்துராணி. திருச்சியில் இந்த விதவைகள் இல்லத்தின் வாசலைப் பார்த்துக்கொள்கிறவள். கைக்குழந்தையாக இருந்தபோது யாரோ என்னை மாதா கோயில் படியில் விட்டுப் போனார்கள். இன்றுவரை என்னைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. நான் கதவு திறப்பதெல்லாம் அடுத்தவர்களுடைய உறவுக்காகத்தான். அதில் வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

வேதவதி ஸ்ரீரங்கத்துப் பெண். பதினாறு வயதில் விதவையாகி, பிறந்த வீட்டில் ஓர் அறைக்குள்ளேயே கிடந்தவள். தையல் சொல்லிக்கொடுக்கப் போன சிஸ்டர் மூலம் ஆண்டவரை அறிந்து, ஒருநாள் ஜட்கா வண்டி ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து எங்களிடம் வந்துவிட்டாள். ஞானஸ்நானம் பெற்ற செய்தி எட்டியதும் அவள் அப்பா தேசிகன், மகள் செத்துவிட்டதாக வைத்துத் தலைமுழுகினார். அதைக் கேட்டு அவள் அன்னம் தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். அடுத்த கட்டில் என்னுடையது. நான்தான் கஞ்சி ஊட்டினேன். முதன்முதலாக ஒருத்திக்கு நான் வேண்டியவளாக இருந்தேன்.

மெல்லத் தேறினாள். செபமாலை சொல்லும்போதெல்லாம் அப்பாவை மன்னிக்க வரம் கேட்பாள். அந்த வரமும் கிடைத்தது. "அவர் வராட்டா என்ன அக்கா? நான் மன்னிச்சுட்டேன். ஆண்டவர் என்னை இதுக்குத்தான் அழைச்சார்" என்றாள். பிள்ளைகள் கைவிட்ட பெண்களெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுது, பாரம் இறங்கி எழுந்து போனார்கள். அவள் பட்ட பாட்டுக்கு ஓர் அர்த்தம் வந்துவிட்டது. அதைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்று நினைத்தேன்.

ஏனென்றால் தேசிகன் வந்துகொண்டுதான் இருந்தார்.

தலைமுழுகிய இரண்டாம் மாதமே வந்தார். ஊருக்குத் தெரிந்தால் கோயிலில் அவர் செய்துவந்த பெருமாள் கைங்கரியம் போய்விடும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் உச்சி வெயிலில், மற்றவர்கள் செபத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வருவார். உள்ளே வரமாட்டார். ஒரு சீப்புப் பூவன் பழத்தை நீட்டி, "குழந்தை சௌக்கியமா? ஒரு தரம் கண்ணால பார்த்துட்டுப் போயிடறேன், சொல்லுங்கோம்மா" என்பார்.

"உங்களைப் பார்க்க அவங்களுக்கு விருப்பம் இல்லைங்க" என்பேன்.

பழத்தை வேதவதிக்குக் கொடுத்துவிடுவேன். அதில் நான் நேர்மையாகவே இருந்தேன். "எங்காத்துக் கொல்லைப் பழம் மாதிரியே இருக்கு" என்று ஆசையாகச் சாப்பிடுவாள். யார் கொடுத்தது என்று சொல்லியிருந்தால் வாசலுக்கு ஓடியிருப்பாள். அப்புறம் மன்னிப்பதற்கு அவளிடம் என்ன மிச்சம் இருக்கும்?

இரண்டு வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஒரு வெள்ளிக்கிழமை மூச்சு வாங்கிக்கொண்டே, "அப்பா ஒரு தரம் வந்திருக்கலாம்" என்றாள். அவர் அப்போது வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, போய் வழக்கமான பதிலைச் சொன்னேன். அன்று சாயங்காலம் அவள் கண்மூடினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்து, சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். இன்றுவரை அப்படித்தான் சொல்லிவருகிறேன். பழத்தை நானே சாப்பிடுகிறேன். இப்போதெல்லாம் அவர் உடனே கிளம்புவதில்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்து என் முழங்கால் வலியை விசாரிப்பார். "நீங்க அவ கூட இருக்கேளே, நேக்கு அது போறும்" என்பார். அவரும் பொறுமையைக் கற்றுக்கொண்டுவிட்டார், சாமி. துன்பம் அவரையும் ஆண்டவர் பக்கம் நகர்த்துகிறது என்றுதான் நினைக்கிறேன்.

பாவமன்னிப்பு வேண்டுமானால் அவரிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். வேறு என்ன அபராதம் போட்டாலும் செய்கிறேன். இதைச் சொல்லிவிட்டால், வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்க யார் வருவார்கள்?