வெண்பனியில் எண்ணிய வாக்கு: ஆல்டர்பரி ஊர்க்கூட்ட நடுவர் ஆசகேல் பெரின் அவர்கள் பணி ஓய்வு பெறும் நன்னாளில்

வெர்மான்ட் மலைநாட்டின் மாண்பே! சாம்ப்ளேன் ஏரிக்கரையின் சான்றோரே! ஆல்டர்பரி ஊர்க்கூட்டத்தின் அசையாத் தூணே! பதினான்கு ஆண்டுகள் எங்கள் கூச்சலைக் கேட்டும் செவிடாகாத செம்மலே! ஓடைவளைவுப் பண்ணை ஆசகேல் பெரின் ஐயா அவர்களே!

வணக்கம். தயைகூர்ந்து உட்காருங்கள். பாராட்டு என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விடுவீர்கள் என்று தெரிந்துதான், உங்கள் துணைவியார் கெத்தூராள் அம்மையாரை உங்கள் கோட்டு நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். அவர் பிடி எப்படிப்பட்டது என்று எங்களைவிட உங்களுக்குத் தெரியும்.

வெர்மான்ட் தனிக்குடியரசாய்த் தலைநிமிர்ந்த ஆண்டில் நடுவர் நாற்காலியில் அமர்ந்தீர்கள். இந்த மார்ச்சில் அக்குடியரசு பதின்மூன்று மாநிலங்களின் ஒன்றியத்தில் பதினான்காவதாய்ப் புகுந்துவிட்டது. பின்வரிசையில் எழுபவர் முகம் இப்போது மங்கலாய்த் தெரிகிறது என்று சொல்லி நீங்களும் எழுந்துவிட்டீர்கள். குடியரசு போனதில் எங்களுக்குப் பெரிய துக்கமில்லை: அதே மலை, அதே பனி, அதே வரி, பெயர்தான் வேறு. ஆனால் உங்களுக்கு ஈடாக இன்னொருவரை எந்த ஒன்றியம் வண்டியேற்றி அனுப்பும்?

நாவடக்கத்தின் நாயகரே! நடுவர் வாதிடக் கூடாது, தன் கருத்தைச் சொல்லக் கூடாது, இருபுறமும் சமமாய் நின்றாலொழிய வாக்களிக்கவும் கூடாது என்பது ஊர்வழக்கம். வழக்கத்தை வைத்திருக்கும் ஊர்கள் பல. அதைக் காத்த நடுவர் சிலர். பக்கத்து ஊர் நடுவர் வாயால் பேசாவிட்டாலும் புருவத்தால் பேசுவார். நீங்களோ புருவத்தையும் பூட்டி வைத்தீர்கள். இத்தனை ஆண்டுகளில் அந்த நாற்காலியிலிருந்து எங்களுக்குக் கிடைத்த அருளுரை மூன்றே: "அடுத்தவர்." "உக்காரு." "பொருளுக்குள்ள பேசு." மற்றதையெல்லாம் இனிப்புச் சாறு இறக்க மேப்பிள் மரத்தில் குழாய் அடிக்கும் உங்கள் மரச்சுத்தி பேசியது.

ஆள் பார்த்து அளக்காத அண்ணலே! புதிதாய் மணமுடித்தவரைப் பன்றிக்காவலராய்த் தேர்ந்தெடுத்து, ஊர்ப்பன்றிகளின் பின்னால் ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பது எங்கள் பழைய குறும்பு. நீதிபதியின் மகன் பெலேக் ஸ்டோன் மணமாகி வந்த ஆண்டு, நீதிபதி உங்கள் நாற்காலியருகே குனிந்தார்.

"ஆசகேல், நம்ம பையன் நாலு எழுத்து படிச்சவன். கொஞ்சம் கௌரவமா ஏதாவது பாத்து..."

"பன்னிங்க படிப்பெல்லாம் கேக்கறதில்ல, ஜட்ஜ் ஐயா. அடுத்தவர்!"

பெலேக் பன்றிக்காவலரானார். ஓடி ஓடி உடம்பு இளைத்து, ஊரார் ஒவ்வொருவர் வேலியையும் அறிந்து, இன்று இக்கூட்டத்தில் நிதானமாய்ப் பேசுகிற சிலருள் ஒருவராயிருக்கிறார். அவரும் இம்மடலில் கையெழுத்திட்டிருக்கிறார்.

பேரம் அறியாப் பெருந்தகையே! இது ஊர்க் கடைக்காரர்களின் நெடுநாள் மனக்குறை. எதிராளி பாதியாய்க் குறைப்பார் என்றெண்ணி இருமடங்காய் விலை சொல்வது எங்கள் குலதர்மம். நீங்கள் சொன்ன விலைக்குத் தலையசைத்து உப்பு மூட்டையைத் தோளில் ஏற்றிவிடுவீர்கள். பிறகு கடைக்காரர் வாசல்வரை ஓடிவந்து, "ஐயா, வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்று தாமே குறைக்க நேரும். உங்களிடம் லாபம் பார்த்து உறங்கிய வணிகர் இந்தக் கரையில் ஒருவரும் இல்லை.

இவ்வளவும் எந்த ஊரும் எந்தப் பெரியவருக்கும் எழுதக்கூடியவையே. இம்மடலைச் சட்டமிட்டு உங்கள் சுவரில் மாட்டும்படி எங்களைத் தூண்டியது சென்ற சனவரியின் ஒரு பிற்பகல்.

ஒன்றியத்தில் சேர்வதா, தனித்தே இருப்பதா என்று முடிவுசெய்யப் பென்னிங்டனில் மாநாடு கூடவிருந்தது. எங்கள் பிரதிநிதியான தேவாலயத்து டீக்கன் லேமுவேல் ஹேஸ்கல் அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று ஊர் தீர்மானிக்க வேண்டும். நாம் சொல்வதையே ஏரிக்கரையின் மற்ற ஊர்களும் சொல்லும் என்ற பேச்சு வேறு.

நம் நிலங்களை நியூ ஹாம்ப்ஷயர் ஆளுநரிடம் வாங்கினோம். அதே நிலங்களை நியூயார்க் ஆளுநர் தம் சீமான்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஒரே பசுவை இரண்டு சந்தையில் விற்ற கதை. நாம் ஒன்றியத்தில் சேர்ந்தால் நியூயார்க் தன் பிடியை விட்டுவிடும் என்று சென்ற இலையுதிர் காலத்தில் உடன்பாடாகியிருந்தது. சேராவிட்டால் உடன்பாடு காற்றோடு போச்சு. நம்மூரில் மற்றவர் நிலங்களைக் கேட்ட நியூயார்க் சீமான்கள் செத்தோ சலித்தோ ஓய்ந்திருந்தார்கள். உங்கள் ஓடைவளைவை மட்டும் நியூயார்க்கின் ஆல்பனி நகரத்துச் சீமான் ஒருவர் விடவில்லை. வசந்தம்தோறும் ஆளனுப்பி எல்லைக்கல் நட்டுவிட்டுப் போவார். கெத்தூராள் அம்மையார் அதைப் பிடுங்கி, உப்பிட்ட இறைச்சிப் பீப்பாய்மேல் பாரமாய் வைத்துக்கொள்வார். ஆக, அந்த வாக்கில் எங்களுக்கு இருந்தது வரியும் வியாபாரமும். உங்களுக்கு இருந்தது நீங்கள் காடழித்து உருவாக்கிய நிலமும், தலைக்குமேல் கூரையும்.

கூட்டமண்டபத்தில் கணப்பு கிடையாது. அந்தக் குளிரில் அங்கே பிரசங்கம் கேட்கலாம், அரசியல் பேச முடியாது என்று சத்திரத்துக்கு மாறினோம். மரச்சாம்பலிலிருந்து பொட்டாஷ் உப்புக் காய்ச்சி ஏரிவழியே கனடாவுக்கு அனுப்பும் இத்தாமார் வுட்வர்ட் முதலில் எழுந்தார்.

"பதிமூணு அண்ணன் தம்பி சேந்து யுத்தம் பண்ணி, சேந்து கடன் வாங்கி வெச்சிருக்கான். அந்த வீட்டுக்குப் பதினாலாவதா நாம போகணுமாம்! நாம கொண்டு போறது சீர், அவன் பங்கு வெக்கிறது கடன். என் பொட்டாஷ் வடக்க போகுது. ஏரி வடக்கதான் ஓடுது. ஏரிக்குத் தெரிஞ்சது ஊருக்குத் தெரிய வேணாமா?"

டீக்கன் லேமுவேல் விடவில்லை. "வடக்க யாரு உக்காந்திருக்கான்? எந்த ராஜாவ விரட்ட நம்ம பசங்க செத்தானுங்களோ அதே இங்கிலாந்து ராஜா. தனியா மேயற ஆட்டத்தான் ஓநாய் பாக்கும், இத்தாமார்."

"ஓநாய் காசு குடுத்துல்ல வாங்குது, டீக்கன்!"

ஒன்றியத்தில் சேரலாமா என்று வாக்கெடுக்க நீங்கள் சுத்தியைத் தட்டினீர்கள். ஆதரிப்போர் நடுவரின் வலப்பக்கம், எதிர்ப்போர் இடப்பக்கம் என்பது தொன்றுதொட்ட முறை. சத்திரத்தில் உங்கள் வலப்பக்கம் இருந்தது கணப்பு. இடப்பக்கம் இருந்தது கதவு. அதன் இடுக்கில் காற்று கத்தி தீட்டிக்கொண்டிருந்தது.

ஊரே கணப்புப் பக்கம் நகர்ந்தது. கதவோரம் இத்தாமாரும் அவரையொத்த பிடிவாதக்காரர் சிலரும் மட்டும் நின்றார்கள். இத்தாமாரின் மச்சினர் நாப்தலி க்ரோ தீயருகே கையைக் காய்ச்சிக்கொண்டிருந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம்.

"டேய் நாப்தலி! நேத்து ராத்திரி என் வீட்டுல சாப்பிட்டுட்டு என்னடா சொன்ன?"

"மச்சான், மனசு உங்க பக்கம்தான். முதுகு மட்டும் இந்தப் பக்கம்."

சிரிப்பு எழுந்தது, எதிர்ப்பு எழவில்லை. டீக்கன் ஆமென் சொல்லிவிட்டார். இத்தாமாரே தோற்றோம் என்று தொப்பியை எடுத்துவிட்டார். சுத்தி ஒரேயொருமுறை விழ வேண்டும்; ஓடைவளைவு என்றைக்கும் உங்களுடையது. கேள்வி கேட்க அந்த அறையில் ஒருவருமில்லை.

நீங்கள் சுத்தியை மேசைமேல் படுக்க வைத்தீர்கள்.

"கணப்ப ஒரு பக்கமா வெச்சுட்டு வாக்கு எடுத்தது என் தப்பு. குளிருக்கு ஒதுங்கினவனையெல்லாம் ஒன்றியத்துக்கு அனுப்ப முடியாது. எல்லாரும் வெளிய வாங்க."

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற கெத்தூராள் அம்மையாரின் குரல் அப்போது வந்தது. "இந்தாங்க, எண்ணி முடிச்சாச்சில்ல? தட்டுங்களேன்!"

"கெத்தூராள், கூட்டம் நடந்துக்கிட்டிருக்கு."

"கூட்டம் நடக்கட்டும். நம்ம வீடும் சேந்து நடந்து போகணுமா?"

நீங்கள் கதவைத் திறந்து முதல் ஆளாய் வெளியே நடந்தீர்கள்.

முழங்கால் பனியில் பாதையின் நடுவே நீங்கள் நின்றீர்கள். ஆதரிப்போர் கொல்லன் பட்டறைப் பக்கம், எதிர்ப்போர் குதிரை லாயப் பக்கம். இருபுறமும் ஒரே குளிர், ஒரே காற்று. அப்போது பெலேக் கைதூக்கினார்.

"தலைவரே, ஒரு வார்த்தை. இதுல நடுவரோட நிலம் மாட்டிக்கிட்டிருக்குன்னு எல்லாரும் நெனப்புல வெச்சுக்கிட்டு..."

"பொருளுக்குள்ள பேசு."

"உங்க நிலம்தான் ஐயா பொருளே!"

"என் நிலத்தப் பத்தி இந்தக் கூட்டத்துல யாரும் தீர்மானம் கொண்டு வரல. உக்காரு."

"பனியில எங்கங்க உக்கார்றது?"

பெலேக் நின்றபடியே கையை இறக்கினார். நாங்கள் நகர்ந்தோம். நாப்தலி உங்களைப் பார்க்காமல், தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே லாயப் பக்கம் போனார். அவர் பின்னே ஒவ்வொருவராய் நாங்களும் போனோம். பொய் எதற்கு? எங்கள் பொட்டாஷும் மரமும் வடக்கே போயின. எங்கள் கணக்கு எங்களுக்கு. இருபுறமும் இருமுறை எண்ணினீர்கள். பன்றிக்காவலர் பெயரை அறிவிக்கும் அதே குரலில் அறிவித்தீர்கள்:

"வேண்டாம்னு சொன்னவங்க பதினோரு பேர் கூடுதல். டீக்கன், நம்ம ஊர் பதில் 'வேண்டாம்'. அப்படியே போய்ச் சொல்லுங்க."

வென்ற இத்தாமார் வீட்டுக்குப் போகவில்லை. உங்கள் பின்னாலேயே ஓடைவரை நடந்தார்.

"ஜெயிச்சவன நிம்மதியா ஒரு கிளாஸ் ரம் குடிக்க விடமாட்டேங்கிறியே, ஆசகேல். எதுக்குய்யா இப்படிச் செஞ்ச?"

"நீ நியாயமா ஜெயிச்சிருக்க. போய்க் குடி."

அன்றிரவு அவர் குடிக்கவில்லை என்று நாப்தலி சொல்கிறார். நாப்தலி சொன்னதைப் பாதியாய்க் குறைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். இதை மட்டும் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறோம்.

பின்பு நடந்ததை நாடறியும். மாநாட்டில் நூறு பேருக்கு மேல் 'சரி' என்றார்கள். 'வேண்டாம்' என்றவரை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மனம் முழுக்கச் 'சரி'யை வைத்துக்கொண்டு, ஊர் ஆணைப்படி 'வேண்டாம்' என்று எழுந்து சொன்ன டீக்கன் திரும்பிவந்து புலம்பினார்: "அத்தன பேரும் திரும்பி என்னையே பாத்தாங்கய்யா. நான் உத்தரத்தப் பாத்தேன்." ஒன்றியம் கூடிற்று. நியூயார்க் விலகிற்று. இம்முறை வசந்தத்தில் ஆல்பனியிலிருந்து கல்லோடு யாரும் வரப்போவதில்லை. உங்கள் பண்ணையைக் காத்தவர்கள் நாங்கள் அல்லர். சந்தையில் நாங்கள் கேலிசெய்யும் மற்ற ஊரார்.

நேர்மையின் நெடுமரமே! எங்கள் வாக்குக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்க வரவில்லை. கேட்டாலும் "பொருளுக்குள்ள பேசு" என்பீர்கள். நிறுத்து விற்று, பேசிக் குறைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். எதற்கும் ஒரு விலை உண்டு, பொறுமையாய்ப் பேசினால் அது இறங்கும் என்றே நம்பி வாழ்ந்தோம். கேட்காமலே கைக்கு வந்த சொந்த நிலத்தை, அண்டை வீட்டான் தன் மனத்தை மாற்றிச் சொல்லிவிட்டான் என்பதற்காக ஒருவர் மேசைமேல் திருப்பி வைப்பார் என்று எங்கள் தராசு எதுவும் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்கள் உங்களுக்கு எதிராய்ச் சொன்ன சொல்லும் எங்கள் சொல்லாகவே இருக்கட்டும் என்று பனியில் நின்று காத்தீர்கள். ஒன்றியத்தில் சேர்ந்தது நாடு. ஊராய்ச் சேர்ந்து நிற்க எங்களுக்குக் கற்பித்தது நீங்கள்.

ஆன்றவிந்து அடங்கிய சான்றோரே! ஓடைவளைவில் உங்கள் மேப்பிள் மரங்கள் ஆண்டுதோறும் வாளி வழியச் சுரக்கட்டும்! உங்கள் பசுக்கள் இரட்டை ஈனட்டும்! கெத்தூராள் அம்மையார் கையால் சுட்ட சோளரொட்டியைப் பல்லுறுதியோடு பல்லாண்டு உண்டு, கண்ணொளி மங்கினாலும் கால்வலி அணுகாது, பேரன் பேத்தியர் சூழ நீங்கள் பெருவாழ்வு வாழ்க!

ஒரே ஒரு விண்ணப்பம். இன்றுமுதல் நீங்கள் நடுவரல்லர். எங்களோடு பெஞ்சில் அமரும் ஒரு வாக்காளர். ஏரித்துறைக்குப் புதுப் பாலம் வேண்டுமா என்று அடுத்த கூட்டத்தில் அடித்துக்கொள்ளப் போகிறோம். அதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எதைப் பற்றியுமே தெரியாது. எழுந்து சொல்லுங்கள், ஐயா. பதினான்கு ஆண்டுகள் எங்களைக் கேட்டீர்கள். ஒருநாள் நாங்கள் கேட்கிறோம். தப்பென்று பட்டால், உங்கள் முகத்தைப் பார்த்தபடியே எதிர்ப்பக்கம் போய் நிற்போம்.

பதவி வரிசைப்படி ஒப்பமிடுவது ஊர்முறை. குதிரை லாயப் பக்கம் நின்றவர்களே முதலில் ஒப்பமிட வேண்டும் என்று அவர்களே அடம்பிடித்ததால், இம்முறை அப்படியே செய்திருக்கிறோம்.

மாறா அன்புடன்,

இத்தாமார் வுட்வர்ட், சாலைக் கண்காணிப்பாளர்
நாப்தலி க்ரோ, வேலிப் பார்வையாளர்
அவர்களோடு நின்ற ஊரார் அனைவரும்

பிறகு,

டீக்கன் லேமுவேல் ஹேஸ்கல், பிரதிநிதி
பெலேக் ஸ்டோன், முன்னாள் பன்றிக்காவலர்
பட்டறைப் பக்கம் நின்ற ஊரார் அனைவரும்

ஆல்டர்பரி, மார்ச் 1791