படத்துக்கு நின்ன மாடு

டின் பாலுதான் தம்பி. மாட்டக் கட்டி வெச்சுக்கிட்டு டின் பால்ல தேத்தண்ணி கலக்குறாளேன்னுதானே பாக்குறீங்க? கறக்குறத அப்படியே வித்துருவோம்லா. குடிங்க, ஆறிடப் போவுது.

படமா? மாட்ட மட்டும் எடுத்துக்குங்களேன், என் மூஞ்சி எதுக்கு? ஒரு மாசம்கூட தவறாம கடன் கட்டுனவ இந்த வட்டாரத்துலயே சின்னத்தாயி ஒருத்திதான்னு சங்கத்து அறிக்கையில போடணுமா? சரி. இங்கயே நிக்கிறேனே. கிட்டக்க வேணாம் தம்பி, முட்டும். இல்லல்ல, என்னைய எதுக்கு முட்டப் போவுது, போனத் தூக்கிப் புடிச்சா மெரளும்னு சொன்னேன். பேரா? பேரு... லெச்சுமி.

சங்கத்த நான் குத்தமே சொல்ல மாட்டேன். கோலசிலாங்கூர் பேங்குல போயி நின்னா எங்கள யாரு உக்காரச் சொல்லுவா? நீங்க மாட்டுக்குன்னு நம்பிக் கடன் குடுத்தீங்க. கடைசி வீட்டு புஷ்பா ஜாமீன் கையெழுத்து போட்டா. நான் கட்டலன்னா அவ ஃபேக்டரி சம்பளத்துல பிடிப்பாங்கன்னு தெரிஞ்சேதான் போட்டா. மொத வருசம் பால் வித்தே கட்டுனேன். பொறவுதான் எண்ணெப்பனைத் தோட்டத்துல குலை வெட்டுறப்ப எங்க வீட்டுக்காரரு கால்ல செம்பனைக் குலை விழுந்துச்சு. வேலைக்குக் கூட்டிட்டுப் போன காண்ட்ராக்ட்காரன் கைய விரிச்சுட்டான். உள்ள இருமுறாரே, அவருதான்.

என்னா தம்பி, மேடையில பேசணுமா? ஞாயித்துக்கெழம கூட்டத்துலயா? ஐயோ, வேணாம்லா. என்னையப் பாத்து நீங்களும் கடன் வாங்குங்க, மாடு வாங்குங்கன்னா சொல்லச் சொல்றீங்க? பக்கத்து வீட்டு கங்கா இப்பவே கடன் கேட்டு பாரத்த நெரப்பி வெச்சிருக்கு. ரெண்டு சின்னப் புள்ளைங்க அதுக்கு. சின்னத்தாயக்கா மாதிரி நானும் தலையெடுக்கணும்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. அதக் கேட்டதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல.

கத்துதா? கத்தட்டும். பால் கறக்குற நேரம்லா. அங்க பாருங்க, புஷ்பா வாளியத் தூக்கிட்டு வெளிய வந்துட்டா. அதான் கயித்த அறுத்துக்கிட்டு ஓடப் பாக்குது. அது பேரு லெச்சுமி இல்ல தம்பி. செவலை. புஷ்பா வீட்டு மாடு.

வெக்கமா இருக்கு. உங்க மூஞ்சியப் பாக்க முடியல. படம் எடுக்க வர்றீங்கன்னு காலையில போன் வந்ததும் அவகிட்டதான் ஓடுனேன். அன்னிக்குக் கையெழுத்து போட்டவ இன்னிக்குக் கயித்த அவுத்துக் கையில குடுத்தா, ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. அவ முன்னாடி நிக்கவும் வெக்கம், உங்க முன்னாடி நிக்கவும் வெக்கம். நல்லாத்தான் போஸ் குடுத்தேன் போங்க.

என்னோடதா? தஞ்சோங் காராங் பக்கம் ஒருத்தருக்கு வித்து வருசம் ரெண்டாச்சு. வீட்டுக்காரரு மருந்துக்கா? இல்ல தம்பி, அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே பாத்துக்கிட்டோம். நான் ஒரு மாசம்கூட தவறலன்னு சொன்னீங்கல்ல, அது உள்ளதுதான். புஷ்பா சம்பளத்துல கை வெச்சிரக் கூடாதுன்னு மாட்ட வித்துத்தான் தம்பி உங்க மாட்டுக் கடனக் கட்டுனேன்.