அரை அடித் தண்ணி

— கதவைத் திறங்க டிரான்டர். காலையிலேர்ந்து படகும் நிக்குது, அதை இழுக்குற குதிரையும் நிக்குது.

— திறக்க முடியாது கெட்டூரா. மதகுக்குள்ள பொணம் கிடக்கு.

— அதான் பார்த்தேனே. போட்டிருக்குற கோட்டுக்குள்ள காத்து அடைச்சுக்கிட்டு குப்புற மிதக்குது. தூக்கிப் போடுங்களேன்.

— கம்பெனி விதின்னு ஒண்ணு இருக்குல்ல? மதகுச் சுவர்ல வெள்ளைக் கோடு தெரியுதா? இந்தப் பக்கம் எங்க பழைய கம்பெனிக் கால்வாய், அந்தப் பக்கம் புதுக் கம்பெனித் தண்ணி. கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்குற சாமான் அவங்களோடது.

— சாமானா? கருமம். மனுஷன்யா அது.

— நான் தொட்டா எங்க தண்ணியில செத்ததா எழுதிடுவாங்க. விசாரணைக்கு நான்தான் போய் நிக்கணும். விடியக்காலம் இந்தப் பக்கம் ஒதுங்கிச்சு. கழியால அங்க தள்ளி விட்டேன்.

— கழியாலயா?

— மெதுவாத்தான்.

— தூ. சரி, புதுக் கம்பெனி மதகுக்காரன் பீச்சைக் கூப்பிடு. என் தங்கச்சி புருஷன்தான். அவளுக்குப் பிரசவம் பாக்கத்தான் நானே இவ்வளவு தூரம் வர்றேன். இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா.

— அவன் வர மாட்டான்.

— ஏன், குடிச்சிட்டுக் கிடக்கானா?

— அவங்க கம்பெனி ஆளைப் பத்தி நான் பேசறதில்ல. விதி.

— உங்க தண்ணி அவங்களதைவிட அரை அடி உசரம். அது அங்க வழிஞ்சிடக் கூடாதுன்னு கதவும் காவலும். இருபது வருஷமா அந்த அரை அடியைப் பாத்துப் பாத்து உன் மண்டையில வேற எதுவுமே தங்கல.

— அந்தக் கொக்கிக் கழியை எதுக்கு எடுக்குறே? வை கீழ.

— நீ தள்ளி நில்லு. நான் இழுக்குறேன்.

— கரையேத்துறதுன்னா அவங்க பக்கமா ஏத்து. இப்பவே சொல்லிட்டேன்.

— வாயை மூடு. கனக்குறான்... வந்துட்டான். புரட்டிப் போட்டாதான் முகம் தெரியும்.

— நான் பாக்க மாட்டேன்.

— ஐயோ, இது பீச்சு. டிரான்டர், இது நம்ம பீச்சுய்யா.

— தெரியும்.

— தெரியுமா?

— நேத்து சாயங்காலம் கால் வழுக்கி விழுந்தான். நீந்தத் தெரியாது போல, என் கதவுக் கட்டையைப் பிடிச்சுத் தொங்கினான். உன் பக்கம் போய் ஏறுடான்னு விரலைப் பிரிச்சு விட்டேன்.