தெய்வாத்தாளைத் தூக்க நாலு தோள்

உள்ள வரலீங்க மாமா. ஊரே ஒதுக்கி வெச்சு ஊர்க்கட்டு உழுந்த ஊட்டுக்காரன், வாசப்படி தாண்ட மாட்டேன். இங்கயே நின்னு சொல்லிப்போட்டுப் போறேன். ஆமாங்க, என்ற ஆத்தா தெய்வாத்தா காலையில போயிருச்சுங்க. சேதி வந்துருச்சுங்களா? அப்ப நான் எதுக்கு வந்திருக்கறேன்னும் தெரிஞ்சிருக்கும்.

சடங்கு செய்ய நாவிதர் மாசாணத்தை அனுப்பி வைங்க. துணி விரிக்க வண்ணாரு ஒருத்தரு. தூக்கறதுக்கு நாலு பேரு. வேற ஒண்ணும் கேக்கலீங்க. ஊர்க்கட்டை எடுக்கவே வேண்டாம், நாளைக்கு மறுபடி போட்டுக்குங்க. இன்னிக்கு ஒரு பொழுது மட்டும் உடுங்க. பொழுது உழுகறதுக்குள்ள எடுக்கோணும்.

அட, ஊர் கூடிப் போட்டதுதானுங்க. நீங்க ஊர்க்கவுண்டரு, நீங்க தலையாட்டினா ஊரே ஆட்டும். எனக்குத் தெரியாதுங்களா?

எல்லாம் இந்தப் பாழாப்போன உசரத்துல வந்த வினைங்க. மீசை முளைக்கறதுக்குள்ள எனக்கு வாச நெலை தலையில இடிக்கும். கோயமுத்தூர்ல படிக்கப் போனனா, அங்க ஒரு பாதிரியாரு கம்பத்துல இரும்பு வளையத்தை மாட்டி, மயில்சாமி, இதுக்குள்ள பந்தைப் போடுன்னாரு. போட்டேன். அன்னிக்குப் புடிச்ச பைத்தியந்தான். எங்கப்பன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு, வாளியைக் கெணத்துல உடறதை உட்டுப்போட்டு எம்பையன் பந்தை ஆகாசத்துல உடறான்னு. நீங்களுந்தான் சிரிச்சீங்க. அப்பறம் மெட்ராஸ் போய் அதுக்குன்னே ஒரு பள்ளிக்கூடத்துல படிச்சு, அங்கத்த டீம்லயே ஆடினேனுங்க. பேப்பர்ல பேரு வந்துது. ஆத்தாளுக்கு எழுத்து தெரியாது, அந்தத் துண்டை அரிசிப் பானைக்குள்ள வெச்சிருந்துச்சு.

ஒரு ஆட்டத்துல எம்பிக் குதிச்சு எறங்கினேன், முட்டி கழண்டுக்கிச்சு. அதோட என்ற ஆட்டம் முடிஞ்சுதுங்க. படுத்துட்டு அழுதிருக்கறேன், கண்ணாலம் காட்சி எதுவும் வேண்டாம்னு. அப்பத்தான் கோயமுத்தூர்க் காலேஜ்ல கூப்புட்டாங்க, பசங்களுக்குச் சொல்லிக் குடுன்னு. டவுசர் போட்ட வாத்தியாருன்னு இங்க கேலி பேசினீங்க, போகுது. எனக்கு உசிரு திரும்பி வந்துது மாமா.

நான் பசங்களுக்குச் சொல்றது இதானுங்க. பந்து எவன் கையிலயும் தங்கக்கூடாது. வேர்வைக் கையில வாங்கி வேர்வைக் கையிலயே குடுக்கோணும். எவன் எந்தத் தெருன்னு ரோசனை பண்ணிட்டு நின்னா எதுத்தாப்புல இருக்கறவன் புடுங்கிட்டுப் போயிருவான்.

வாரேன், வாரேன், கட்டுப் போட்ட கதைக்குத்தான் வாரேன். மாசி மாசம் திருச்சிக்காரங்களை ஜெயிச்சுக் கப்பு வாங்கினோம். ஆத்தா ஒரே புடியா, பசங்களை ஊட்டுக்குக் கூட்டிட்டு வா, சோறு போடறேன்னுது. வந்தாங்க. வரிசையா எலை போட்டு உக்கார வெச்சுது. சின்னப்பராஜுன்னு ஒரு பையன், கப்பு வாங்கினதே அவனாலதானுங்க. நல்லா வாட்டசாட்டமா இருப்பான். ஆத்தா ரெண்டாஞ் சோறு போட்டுக்கிட்டே, நீங்க எந்தக் கூட்டமுங்க கண்ணுன்னு கேட்டுப்போட்டுது. எந்தக் குலம்னு நம்ம சனம் கேக்கற கேள்விதானுங்களே. நம்ம கவுண்டமூட்டுப் பையன்னே நெனச்சுருச்சு. அவனுக்குப் பொய் வராதுங்க. கூட்டமெல்லாம் இல்லீங்கம்மா, நாங்க சேரின்னுட்டான். சொல்லிப்போட்டு எந்திரிக்கப் பாத்தான்.

ஆத்தா கரண்டியோட அப்புடியே நின்னுது. அப்பறம், எலையில உக்காந்தவனை எந்திரின்னு சொல்ல எனக்கு வாய் வராது, சாப்புடு கண்ணுன்னு சொல்லி ரசத்தை ஊத்துச்சு. அவ்வளவுதாங்க மாமா நடந்தது. இதுக்குத்தான் எட்டு மாசமாக் கட்டு.

ஆமாங்க, நீங்க வழி சொன்னீங்க, இல்லீங்கல. தெரியாமச் செஞ்சுபோட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, உட்டுர்றோம்னீங்க. ஆத்தா என்ன சொல்லுச்சு? உக்கார வெச்சது தெரியாம, சாப்புடச் சொன்னது தெரிஞ்சுதான்னுது. கொஞ்சம் வளைஞ்சு குடுத்திருக்கலாம். நானே கால்ல உழுந்து கேட்டேன். கோயமுத்தூருக்காச்சும் வந்துருன்னேன். தப்புப் பண்ணினவதான் ஊரை உட்டு ஓடோணும்னு சொல்லிப்போட்டுது.

ஆத்தா காச்சல்ல கெடந்தப்ப ஒரு பொம்பள எட்டிப் பாக்கலீங்க மாமா. ஊர்க் கெணத்துத் தண்ணிக்கு வழியில்லாம நான் எங்க காட்டுக் கெணத்துக்குப் போய் மொண்டாந்து வாயில ஊத்தினேன். அத்தை அங்க கதவுக்குப் பின்னால அழுகறது கேக்குது. அத்தையும் ஆத்தாளும் ஒரே வயசு, ஒண்ணா பருத்தி எடுத்தவங்க. அவங்களையாச்சும் ஒருக்கா வந்து மொகத்தைப் பாக்கச் சொல்லுங்க.

காந்தி கோயமுத்தூர் வந்தப்ப கதர்த் துண்டு போட்டுட்டு முன்னால நின்னீங்களே மாமா. இல்லீங்க, குத்திக் காட்டலீங்க. வாய் தவறிருச்சு. கோவிச்சுக்காதீங்க. இந்தாங்க, வேணும்னா மண்ணுல உழுகறேன். ஆத்தா கேக்காத மன்னிப்பை நான் கேக்கறேன். அது உசிரோட இருந்தா என்னைய அறைஞ்சிருக்கும், கேட்டுட்டுப் போறேன்.

முடியாதுங்களா?

சரிங்க. கெளம்பறேன்.

இன்னொண்ணுங்க. இதைச் சொல்லி உங்களை மடக்கக் கூடாதுன்னுதான் இத்தன நேரம் கெஞ்சினேன். ஆளே இல்லைன்னு வரலீங்க மாமா. பஸ்காரருகிட்டச் சேதி சொல்லி உட்டேன், என்ற டீம்காரப் பசங்க மத்தியான பஸ்ஸுக்கே வந்து ஊர்க் கண்ணுல படாமப் பள்ளத்து வழியா ஊட்டுக்கு வந்துட்டாங்க. மூங்கில் வெட்டிப் பாடையும் கட்டிப்போட்டாங்க. பாடைக்குப் பின்னால சின்னப்பராஜும் இன்னொருத்தனும். முன்னால எடப்பக்கம் நான் தோள் குடுத்துக்குவேன். வலப்பக்கத்துக்கு நம்ம வெங்கடபதி நிக்கறாப்ல.

ஆமாங்க, உங்க பையன்தான். இந்த வருசம் டீம்ல சேந்தாப்ல. அப்பாகிட்டச் சொல்லிராதீங்கன்னு கேட்டுக்கிட்டாப்ல, நானும் சொல்லலை. மாப்பள, நீ தொடாத, உங்கூட்டுக்கும் கட்டு உழுகும், அப்பனே பையனுக்குக் கட்டுப் போடற மாதிரி ஆயிரும்னு எவ்வளவோ சொன்னேனுங்க. கேக்கவே இல்லை. குளிச்சுப்போட்டு ஈரத்துண்டோட ஆத்தா தலைமாட்டுல நிக்கறாப்ல.

இன்னும் தோள்ல ஏத்தலீங்க. நான் திரும்பி வார வரைக்கும் இருங்கன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறேன்.