பாலுக்கு ஒரு சொல்

— வெத்தில தட்ட ஏன் மூடி வைக்கிறீங்க ஸுஹைரா மதினி? இண்டைக்கு நான் ஒங்கட தம்பிர பொஞ்சாதியா வரல்ல. பொண்ணுட உம்மாவா, முறையோட மாப்பிள்ள கேட்டு வந்திரிக்கன்.

— கோழி கொத்தும் எண்டுதான் மூடினன் லெய்லா. நீ தேத்தண்ணியக் குடி புள்ள, ஆறுது.

— தேத்தண்ணி மேல தேத்தண்ணியாத் தாறீங்க. பதில்தான் வரக் காணல்ல. ஸப்ராஸ என்ட நிஃப்லாவுக்குத் தாறீங்களா, இல்லியா? சொந்த மச்சான் மச்சி. தில்லையடி முழுக்க அப்பிடித்தான் பேசிக்கிட்டு இரிக்கி.

— ஊருக்கென்ன, ஊர் பேசும். புள்ளக்கி இப்பதானே பதினெட்டு. ஏ.எல். சோதின எழுதட்டும்.

— எழுதட்டும். நிக்காஹ் முடிச்சிட்டு எழுதட்டும். ஊடு கட்டியாச்சு, ஓடும் போட்டாச்சு. மாப்பிள்ளக்கி இன்னும் என்ன வேணும், வாயத் தொறந்து கேளுங்க.

— நான் ஒன்னட்ட ஊடு கேட்டனா?

— நீங்க ஒண்டும் கேக்கல்ல மதினி. அதுதான் எனக்குப் பொறுக்கல்ல. கேக்கிற மனிசியெண்டாக் குடுத்திட்டுத் தல நிமிந்து நிப்பன். ஒங்கட தம்பி மௌத்தான பிறகும் என்ட புள்ளய நீங்கதான் வச்சிப் பாத்தீங்க, ஒண்டும் வேணாம் எண்டுறீங்க. இப்ப நான் குவைத்துலரிந்து ஒரேயடியா வந்திட்டன். அவள் என்ன எப்பிடிச் சொல்லுறா, கேட்டீங்களா? "மாமி, அவங்க குளிக்கத் தண்ணி கேக்கிறாங்க." அவங்க. பெத்தவ அவங்களாம்.

— வயசுப் புள்ள. வெக்கம். போகப் போகச் சரியாகும்.

— கலாஸ் மதினி, முடிஞ்சு போச்சு, இனி ஒண்டும் சரியாகாது. ராவு அவட தலையத் தடவப் போனன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திட்டா. வெளியில ஒருத்தனுக்குக் கட்டிக் குடுத்தா, கலியாண ஊட்லயும் நான் விருந்தாளிதான். ஒங்கட மகனுக்குக் குடுத்தா ஒரே வளவு, ஒரே அடுப்பு. அவள் நாளைக்கு ஒரு புள்ளயப் பெத்தா, அதையாவது இந்த மடியில வைப்பன். எனக்கு வேற வழியில்ல.

— நீ ஒண்டும் சந்தோசத்துக்குப் போகல்லயே. அகதி முகாம் கொட்டில்ல ஒழுகின ஓலைக்குக் கீழ கிடந்தம். புள்ளக்கி ஒரு ஊடு வேணும் எண்டு போன.

— அப்பிடித்தான் நானும் சொல்லிக்கிட்டு இரிந்தன். ஒருத்தருக்கும் சொல்லாத கத ஒண்டு இரிக்கி. சொல்லவா?

— சொல்லன்.

— ஏழு மாசப் புள்ளய விட்டிட்டுப் போனவ நான். கைப்புள்ள இரிக்கி எண்டு வாயத் தொறக்காத, திருப்பி அனுப்பிருவாங்க எண்டு ஏஜென்சிக்காரன் சொல்லித்தான் ஏத்தினான். போய் எறங்கின கையோட நெஞ்சு ரெண்டும் கல்லாப் போச்சு. காய்ச்சல். மேடத்துட கண்ணுல படாமக் குசினி மூலையில நிண்டு அழுதன். கூட வேல செஞ்சவளுகள் ரெண்டு பேர், ஜாவாக்காரி ஸுலஸ்திரி, பிலிப்பைன்காரி மரிஸெல். எங்களுக்குள்ள அரபு கூட ஒழுங்கா இல்ல அப்ப. ஸுலஸ்திரி என்ட நனஞ்ச சட்டயப் பாத்திட்டு "ஸூஸூ" எண்டா. மரிஸெல் உடன தலைய ஆட்டி "ஸூஸோ, ஸூஸோ" எண்டா. பிறகு ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நிண்டாளுகள்.

— ஒரே பாஷக்காரிகளா?

— எங்க? இவள் பேசினா அவளுக்கு விளங்காது. நடுவுல எவ்வளவோ கடல். ஸுலஸ்திரி எங்கட மார்க்கம், மரிஸெல் சிலுவ போட்ட வேதக்காரி. ஆனா அந்தச் சொல் ரெண்டு பேர்ட்டயும் இரிந்திச்சு. அதுலயும் ஒரு வித்தியாசம் மதினி. ஜாவாக்காரி பாலையும் ஸூஸூ எண்டுவா, பால் தாற நெஞ்சையும் ஸூஸூ எண்டுவா. பிலிப்பைன்காரிக்கு நெஞ்சு மட்டும்தான் அது. பாலுக்கு வேற சொல் வெச்சிரிந்தா.

— அது சரிதான் புள்ள. ஆஸ்பத்திரியில எனக்குப் பக்கத்துக் கட்டில்ல கைப்புள்ளயோட ஒரு மலாய்ப் பொம்புள இரிந்தா, எங்கட நாட்டு மலாய். அவவும் பாலுக்கு ஸூஸூ எண்டுதான் சொன்னா. நான் அந்தப் புள்ளட பேரு எண்டு நெனச்சன்.

— பாருங்களன். பிறகு அரபு பழகின காலத்துல மரிஸெல் சொன்னா, அவள் முந்தித் தாய்வான்ல ஒரு மலையில இரிக்கிற சனத்துட ஊட்ல நோயாளி பாத்தவளாம். சீனச்சனம் வர முந்தி அங்க இரிந்த சனமாம். அங்கயும் நெஞ்சுக்கு அந்தச் சொல்தான். அந்த ஊட்டுக்கு வந்த நேர்ஸ் சொன்னாவாம், ஆயிரம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அங்கரிந்துதான் சனம் வள்ளத்துல ஏறின எண்டு. பிலிப்பைனுக்கு வந்து, அங்கரிந்து ஜாவாப் பக்கம் போய், பிறகு பெருங்கடல்ல உள்ள தீவு தீவா ஏறியிரிக்குதுகள். போற போற எடத்துல சாப்பாடு மாறிச்சு, சாமி மாறிச்சு, பேச்சும் மாறிச்சு. இது மாறல்லயாம்.

— எங்கள வெரட்டினப்ப நாங்களும் மன்னார்லரிந்து வள்ளத்துலதானே கற்பிட்டிக்கு வந்து எறங்கின. நான் ஸப்ராஸ வயித்துல வெச்சிக்கிட்டு. உடுத்த உடுப்பத் தவிர எங்களுக்கும் வாய்ப் பேச்சுத்தான் மிச்சம். அது ஏன் அந்த ஒரு சொல் மட்டும் மாறாம இரிந்திச்சு?

— நானும் அதத்தான் மரிஸெலுட்ட கேட்டன். அவள் என்ன நினைச்சாளோ, சிரிச்சிக்கிட்டே சொன்னா, "அந்தப் பொம்புளைகள் புள்ளயோடதானே வள்ளத்துல ஏறின" எண்டு. எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இரிந்திச்சு மதினி. நான் புள்ளய விட்டிட்டு ஏறினவ.

— அவள் ஒன்னச் சொல்லியிரிக்க மாட்டா.

— சொல்லல்ல. எனக்குத்தான் பட்டது. அந்த முதல் மாசம் பொழுது விடிஞ்சா ஒருத்தி குளிக்கிற அறைக் கதவுல காவல் நிப்பா, மத்தவ என்ட நெஞ்ச அமத்திப் பாலப் பீச்சி விடுவா. தொட்டியில ஊத்தித் தண்ணியத் தொறந்து விடுவன், மணம் போகட்டும் எண்டு. அப்பவும் அதே சொல்தான் சொல்லுவாளுகள். பாலச் சொல்லுறாளுகளா நெஞ்சச் சொல்லுறாளுகளா எண்டு எனக்கு விளங்காது. விளங்கி என்ன, ரெண்டும் வத்திக்கிட்டுத்தானே இரிந்திச்சு. இங்க என்ட புள்ள மாப்பாலக் குடிச்சிட்டு வயித்தால போகுது எண்டு நீங்க போன் கோல்ல சொல்லுறீங்க. அங்க நான் தொட்டியில ஊத்துறன்.

— அல்லா. இவ்வளத்தையும் நெஞ்சுல வெச்சிக்கிட்டா இரிந்த?

— இனி வெச்சிரிக்க மாட்டன். அதுக்காகத்தான் கேக்கிறன், ஸப்ராஸத் தாங்க.

— லெய்லா. நானும் ஒண்டு சொல்லணும். சொன்னா நீ என்ன வெறுப்பா.

— சொல்லுங்க.

— நீ போன பிறகு நிஃப்லா போத்தல வாயில எடுக்கல்ல. கத்திக் கத்தித் தொண்ட அடச்சிப் போச்சு. எனக்கும் புள்ள மௌத்தாகியிரிந்த நேரம். புள்ள போயிட்டு எண்டு பால் போகுமா, நீயே சொல்லுற. கதவச் சாத்திட்டு நெஞ்சுல போட்டன்.

— என்ன சொல்லுறீங்க?

— குடிச்சா. மார்க்கப்படி அஞ்சு தரம் குடிச்சாலே தாய் புள்ள முறை ஆகிரும், அவள் மாசக்கணக்கா என்ட நெஞ்சுலதான் கிடந்தா. நிஃப்லா ஸப்ராஸுக்கு மச்சி இல்ல புள்ள, பால்குடித் தங்கச்சி. நிக்காஹ் செல்லாது. ஹராம்.

— இத்தன வருஷம் ஏன் சொல்லல்ல?

— எப்பிடிச் சொல்லுற? நீ கோல் எடுத்தாலே அழுவா. ஒன்ட புள்ள என்ட பாலக் குடிக்கிது எண்டு சொன்னா, நீ அங்க எப்பிடி நிப்பா?

— அதுதான் அவள் சுவருக்குத் திரும்பிப் படுக்கிறா. இப்பதான் விளங்குது. நான் தினார் தினாரா... சீ, அத விடுங்க. எடுத்திட்டீங்க மதினி. ஒரு சொல்லுச் சொல்லாம எடுத்திட்டீங்க. வயித்துல சுமந்தத விட்டா எனக்கு அவளட்ட ஒண்டுமே இல்ல.

— பசிக்கிற புள்ளக்கிக் குடுத்தன். பாவம் எண்டா அல்லா என்னக் கேக்கட்டும்.

— ஆருக்குத் தெரியும் இது?

— என்ன?

— கதவச் சாத்திட்டுத்தானே குடுத்த. ஒங்களுக்கும் எனக்கும்தானே தெரியும். வாய மூடிக்கிட்டு இரிங்க. நிக்காஹ் நடக்கட்டும்.

— அஸ்தஃபிருல்லா. அல்லாக்குத் தெரியாதா லெய்லா?

— அந்தத் தொட்டியப் பாத்ததும் அவன்தான். அண்டைக்கும் ஒண்டும் சொல்லல்ல. இண்டைக்கும் சும்மா இரிக்கட்டும்.

— நாவ அடக்கு. ஈமானோட பேசு. புள்ளைகளுட பாவம் ஒன்ட தலையில விழும்.

— சரி. மறைக்க ஏலாது எண்டா முறையாச் செய்வம். அசர் தொழுகைக்குப் பிறகு ஹஸ்ரத் பள்ளியிலதான் இரிப்பார். வாங்க, குர்ஆன் மேல கைய வெச்சிச் சொல்லுங்க. இந்தப் புள்ளக்கி நான் பால் குடுத்தன் எண்டு. நான் தட்டத் தூக்கிக்கிட்டு ஊட்ட போறன்.

— குர்ஆனுக்கு ஏன் போற? என்ட வாய்ச் சொல் போதாதா?

— போதும். இவ்வளவு நாளும் போதும். ஆனா எடுத்த கோப்பய ஏன் குடிக்காமக் கீழ வெச்சிட்டீங்க மதினி?

— தேத்தண்ணிக் கோப்ப சுடுது.

— அது ஆறிப் போன கோப்ப. பொறுங்க. புள்ள ஒங்களுக்கு மௌத்தானது நோன்புப் பெருநாளோட. நான் ப்ளைட் ஏறினது அதுக்கு ரெண்டு மாசத்துக்கும் பிறகு, ஹஜ்ஜுப் பெருநாளும் கழிஞ்சு. பால் வத்தட்டும் எண்டு ஒங்கட நெஞ்சுல மல்லிகப்பூ வெச்சிக் கட்டினது ஆரு? முகாம்ல பூ இல்ல எண்டு புத்தளம் சந்தைக்கு நடந்து போய் வாங்கியந்து, நாளுக்கு நாள் மாத்திக் கட்டினது நான்தானே?

— அது ஒரு காலம். ஒனக்கு மறந்திரிக்கும்.

— மறக்குமா? "வத்திட்டு லெய்லா, இனித் துணி கட்டத் தேவல்ல" எண்டு சொல்லிட்டு என்ட தோள்ல விழுந்து அழுதீங்க. ஒங்கடத வத்த வெச்சிட்டு, என்டதத் தூக்கிக்கிட்டுக் கடலத் தாண்டினவ நான். நான் ஏறக்குள்ள ஒங்களட்ட ஒரு சொட்டுப் பால் இல்ல.

— புள்ள வாய வெச்சா மறுபடி ஊறும் எண்டு சொல்லுவாங்க.

— ஊறிச்சா? என்ட முகத்தப் பாத்துச் சொல்லுங்க. ஊறிச்சா?

— இல்ல.

— பொய். ஹராம் ஹலால்ல பொய். ஒரு வக்து தொழுக விடாத மனிசி நீங்க. ஏன் மதினி? குவைத்துல கக்கூஸ் கழுவினவட மகள் மருமகளா வந்தா வெக்கமா? எங்கயாவது சீதனத்தோட பெரிய எடம் பேசிட்டீங்களா?

— வாயக் கழுவு. எந்த எடமும் பேசல்ல.

— அப்ப என்ட மகளுக்கு என்ன குற?

— அவளுக்கு ஒரு குறயும் இல்ல. அவள்ல குற சொல்லுற நாக்கு அழுகிப் போகும்.

— பிறகு என்னத்துக்கு இந்தப் பொய்? குடுக்க விருப்பமில்ல எண்டு நேராச் சொல்லியிரிக்கலாமே.

— சொன்னா நீ ஏன் எண்டு கேப்பா. அத என்ட வாயால சொல்ல வரல்ல புள்ள. பால் எண்டு சொன்னா ஒருத்தரும் மேல கேக்க மாட்டாங்க எண்டு நெனச்சன்.

— எத?

— கண்டக்குழியில வெள்ளக்காரன்ட லொட்ஜுக்கு வேலைக்குப் போன நாள்லரிந்து ஸப்ராஸ் ராவுல நித்திரையில்லாம நடுங்குறான். என்ட சங்கிலி, காதுல கிடந்தது, ஒண்டும் மிச்சமில்ல. போன கிழம நிஃப்லாட புத்தகப் பையையும் தடவியிரிக்கான். தூள் அடிக்கிறான் லெய்லா.

— போதத் தூளா? ஸப்ராஸா? ஒங்கட ஒரே மகன் மதினி. கலியாணம் ஒண்டு முடிச்சா அவன் திருந்துவான் எண்டு நீங்களே என்னட்ட வந்து கேட்டிரிக்கலாமே.

— ஊரு அப்பிடித்தான் சொல்லுது. அவன் நான் பெத்தவன், நாசமாப் போனாலும் நான் தாங்குவன். ஆனா அவனத் திருத்துறதுக்கு என்ட மகள நான் குடுக்க மாட்டன்.