தடியங்காய் பாக்கி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் சார், எனக்குத் தடியங்காய்க் கூட்டு அவ்வளவாகப் பிடிக்காது. நீங்கள் சென்னையிலிருந்து விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள், உங்கள் பக்கம் அதை வெண்பூசணி என்பார்கள். சாம்பாரில் கிடந்தால் சாப்பிடுவேன், அவ்வளவுதான். ஆகவே ஒரு காய்க்காக நான் இதைச் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் பெயர் அப்பாத்துரை. நம் பைனான்ஸ் கம்பெனியின் பேட்டைக் கிளையில் வசூல் பிரிவுக்குப் பொறுப்பு. யார் கடன் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று மாதாமாதம் கிரெடிட் ரிப்போர்ட் தயாரிப்பவர்களுக்கு அனுப்புவது நான்தான். என் கணக்கில் பிழை என்று இதுவரை யாரும் விரல் நீட்டியதில்லை.

எங்கள் கோயிலில், நீங்கள் சர்ச் என்பீர்கள், அறுப்பின் பண்டிகை என்று ஒன்று உண்டு. சபையார் தங்கள் வயலிலும் தோட்டத்திலும் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே வைத்து ஏலம் விடுவார்கள். கோயிலுக்குப் போகிற பணம் என்பதால் பத்து ரூபாய் வாழைக்காய் ஐந்நூறுக்குப் போகும். முதல் ஏலம் எப்போதும் பெரிய தடியங்காய்தான், அதை எடுப்பது எப்போதும் எங்கள் வீடுதான். அப்பா எடுத்தார், பிறகு நான். சட்டம் ஒன்றும் கிடையாது. மரியாதைக்கு ஒன்றிரண்டு பேர் கேட்டுவிட்டு, "அண்ணாச்சிக்கே விட்ருங்கலே" என்று ஒதுங்கிக்கொள்வார்கள்.

போன வருடம் ஜாபேஸ் ஒதுங்கவில்லை. பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிற பையன். நல்ல பையன், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. நான் மூவாயிரம் என்றேன், அவன் நாலாயிரம் என்றான். நான் ஏழாயிரம் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே ஏழாயிரத்து ஐந்நூறு என்றான். சபை மொத்தமும் கைதட்டியது. காயைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ வேறு எடுத்துக்கொண்டான். பணத்தை அடுத்த ஞாயிறு தருவதாகச் சொன்னான். ஏலப் பணத்தைப் பிறகு கொடுப்பதும் எங்கள் வழக்கம்தான்.

"ஒரு தடியங்காய்க்கா மூஞ்சிய இப்பிடித் தூக்கி வச்சிருக்கிய?" என்று வீட்டில் என் மனைவி ஜெபராணி கேட்டாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜாபேஸ் நம்மிடம் பைக் கடன் வாங்கி, ஒழுங்காகக் கட்டி முடித்திருந்தான். திங்கட்கிழமை அந்தக் கணக்கைத் திறந்து, ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி, வசூலில் உள்ளது என்று போட்டேன். அன்றைய தேதியில் அவன் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் கடன்காரன்தானே? யாருக்கு என்பதில்தான் ஒரு சின்ன வித்தியாசம். சொன்னபடி அடுத்த ஞாயிறே கோயிலில் கட்டிவிட்டான். ஆனால் நம் கம்பெனிக்கு வரவில்லையே. வராத பணத்தை வந்ததாக எழுதுகிற ஆள் நான் இல்லை.

இந்த வருடம் அவன் பட்டறை இருக்கும் கொட்டகையை அதன் சொந்தக்காரர் விற்க விலை பேசத் தொடங்கினார். ஜாபேஸ் வாங்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும், இவன் மிஷினோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். பேங்கில் லோன் கேட்டிருக்கிறான். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். சபையில் இந்த விவரமெல்லாம் தெரிந்த ஆள் என்று நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, வண்டிக் கடன நான் எப்பவோ அடைச்சாச்சுல்லா. இது எங்கன இருந்து வந்து மொளச்சிருக்கு?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

"பதறாதலே. பைய பாப்போம்," என்றேன். கடன் முடிந்த சான்று, கடைசித் தவணை ரசீது எல்லாவற்றையும் சேர்த்து, ரிப்போர்ட் தயாரிப்பவர்களுக்கு ஆட்சேபனை அனுப்பச் சொன்னேன், அவர்கள் வழியாக வந்தால்தான் கம்பெனியில் திருத்த முடியும் என்றேன். கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். ஜெபராணி காப்பி கொடுத்தாள்.

ஆட்சேபனை வந்தால் அவர்கள் கடன் கொடுத்த கம்பெனியிடம்தான் கேட்பார்கள். நம் கம்பெனியில் அதைச் சரிபார்ப்பது நான். படித்தேன். கடிதம் மிக நன்றாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் நம் கணக்கில் பாக்கி இருக்கிறதே, நான் என்ன செய்ய முடியும்? 'சரிபார்த்தோம், பாக்கி உண்மை' என்று பதில் போட்டேன். மறுபடி வந்தான். இன்னும் உருக்கமாக எழுதிக் கொடுத்தேன். அதையும் நிராகரித்தேன். அன்றைக்கு இருவரும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினோம். இதைச் செய்தவன் எவனாக இருந்தாலும் கர்த்தர் அவனை மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். ஜாபேஸ் ஆமென் சொன்னான். அதற்குப் பிறகு மனசு லேசாகிவிட்டது.

பாக்கி என்றால் போன் போட்டுக் கேட்க வேண்டும், அதுவும் விதி. வசூலுக்குப் பேசுகிற பியூலாவைத் தினமும் அவனிடம் பேசச் சொன்னேன். அவள்தான் ஒருநாள் என் மேஜைக்கு வந்தாள்.

"சார், முடிஞ்ச கணக்குல பாக்கி நிக்கு. எதுக்குன்னு குறிப்பப் பாத்தா தடியங்காய்னு போட்டிருக்கு. என்ன சார் இது?"

அதை எழுதியதும் நான்தான். பாக்கி எதற்கு என்று குறிப்பு எழுதாவிட்டால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. பொய் எழுத எனக்கு மனசு வரவில்லை. அவள் தலைமை அலுவலகத்துக்குச் சொன்னாள், நீங்கள் வந்திருக்கிறீர்கள். பியூலா மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

ஆமாம் சார், எல்லாம் நான் செய்ததுதான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கோபத்தில் செய்யவில்லை, காய்க்காகவும் செய்யவில்லை. இப்போதே திருத்து என்கிறீர்கள். திருத்தினால் பேங்க் நாளைக்கே லோன் தரும், சனிக்கிழமை தாண்டினால் கொட்டகை கைமாறிவிடும் என்கிறீர்கள். நியாயம்தான். என் பாஸ்வேர்டைப் போட்டால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் இந்த ஞாயிறு எங்களுக்கு அறுப்பின் பண்டிகை. லோன் கிடைத்த சந்தோஷத்தில் இளவட்டப் பையன்கள் ஏலத்தில் நிதானம் இழந்துவிடுவார்கள், அவன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகத் திருத்திக் கொடுத்துவிடுகிறேன்.